ஜந்துவின் நடை பற்றிச் சில கருத்துகள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நின்ற நாளிலிருந்து பேச்சு இரண்டு மடங்காகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? நீர்த்தேக்கத்துக்கு நடுவே தீவு, அங்கே போன் எடுக்காது, இரண்டு வாரத்துக்கு ஒரு படகு என்று சொல்லிவிட்டுப் போனவன், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? நீர்மட்டம் அளக்கிறவர்கள் தங்கள் உடம்பு நிலவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் படம் முடிந்தது. 'பன்னிரண்டாம் குழாய்' என்ற பெயரையே வைத்துவிட்டேன். பதின்மூன்று நிமிடம். போன மாதம் இணையத்தில் ஏற்றினேன். முதல் வாரம் எண்பத்தேழு தடவை பார்க்கப்பட்டிருக்கிறது. அதில் நாற்பது நான்.

நீ கடைசி இரண்டு நாள் இல்லாததால் எப்படிக் கோத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்த்த ஜந்து பன்னிரண்டாம் குழாய் வழியாகத் தப்பி, ஒரு அடுக்குமாடிக்கு அடியில் வந்து தங்குகிறது. ஈரத்தைக் குடித்து உயிர் வாழ்கிறது. தன்னை வளர்த்த விஞ்ஞானியைத் தேடி மாடி மாடியாக ஏறுகிறது. பார்க்கிற எல்லோரும் அலறுகிறார்கள். கடைசியில் விஞ்ஞானி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, அவர் குடும்பத்தோடு சாப்பிடுவதைப் பார்க்கிறது. அவர் எழுந்து வந்து திரையை இழுத்து மூடிவிடுகிறார். ஜந்து வந்த வழியே திரும்பிப் போகிறது. அவ்வளவுதான். அதற்குமேல் சேர்த்தால் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

இனி, வந்த கருத்துகளில் சில, எழுதியபடியே:

'பொழுதுபோகாதவன்' என்பவர்: "பயமா இருந்துச்சு, ஆனா ஏன்னு தெரியல."

'மூணாவது மாடி' என்று ஒருவர்: "இனிமே படிக்கட்டுல விளக்கு போடாம இறங்க மாட்டேன்."

'சும்மா வந்தேன்' என்பவர்: "பல்லு மட்டும் தத்ரூபம். மத்தது மெத்தை பஞ்சு மாதிரி இருக்கு."

மெத்தைப் பஞ்சுதானே. ஆனால் பல்லைப் பாராட்டினாரே, அது போதும். பத்து வருஷமாகப் பல் செட் செய்கிறேன், வாங்கிப் போன ஒருவர்கூடத் தத்ரூபம் என்று சொன்னதில்லை. கடிக்கும்போது இடிக்கிறது என்றுதான் திரும்பி வருவார்கள்.

நீ ஏன் அவ்வளவு அவசரமாகப் போனாய்? இரண்டு நாள் தள்ளிச் சேர முடியாதா என்று அப்போதே கேட்டேன். உடனே வரச் சொன்னார்கள் என்றாய். சரி. கால் எப்படி இருக்கிறது? உடனே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றைய படகில் வந்தது. நான் நலம். அம்மாவின் பேச்சு இரண்டு மடங்கானது எனக்கு இங்கேயே கேட்டது.

இங்கே இரண்டே பேர். நானும் ரேடியோக்காரரும். காலையில் ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு என்று நான் போய் அளவுகோலைப் பார்த்து வந்து சொல்வேன். அவர் அதை ரேடியோவில் கரைக்குச் சொல்வார். மற்ற நேரமெல்லாம் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அளவுகோலுக்கு இறங்க எழுபத்திரண்டு படி. நான்கு தடவை இறங்கி நான்கு தடவை ஏறுவது. லிப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்குக் கடவுள் வைத்த வேலையைப் பார்.

கருத்துகளைச் சத்தமாகப் படித்தேன். ரேடியோக்காரர் மெத்தைப் பஞ்சு ஆசாமியைத் திட்டினார். "பதிமூணு நிமிஷம் ஓசியில பாத்துட்டு பஞ்சைப் பத்திப் பேசறான் பாருங்க" என்றார். இன்னும் அனுப்பு. இங்கே படிக்க வேறு ஒன்றும் இல்லை, பம்பு செட்டோடு வந்த விளக்கப் புத்தகம் ஒன்றுதான். நல்லதாகப் பொறுக்கி எடுக்காதே. கெட்டதையும் அனுப்பு.

ஜந்து உடுப்புக்குள் இருந்தது நான்தான் என்று யாரிடமும் சொல்லாதே. அன்றைக்கு ஒப்புக்கொண்டதே அந்தப் பேச்சில்தான்.

மழை இல்லை. மட்டம் குறைந்துகொண்டிருக்கிறது.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.
தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இங்கே நலம் என்று எழுதுவதைவிடப் பரபரப்பு என்றுதான் எழுத வேண்டும். சின்னப் படங்களைத் தேடிப் பிடித்துப் போடுகிற பக்கம் ஒன்று நம் படத்தை எடுத்துப் போட்டுவிட்டது. இன்று காலை நாற்பத்தோராயிரம். கேமராக்காரன் போன் செய்து அழுதான். அவன்தான், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பானே, நாம் 'கண்ணாடி' என்று கூப்பிடுவோமே, அவனேதான். பல் கூடத்தில் முதலாளி என் மேஜைக்கு வந்து, "நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு தெரியாம போச்சே" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு முடிக்க வேண்டிய மூன்று செட்டை வைத்துவிட்டுப் போனார்.

கருத்துகள் முந்நூறைத் தாண்டிவிட்டன. பாதிப் பேர் பேசுவது நடையைப் பற்றித்தான்.

"அந்த நடை கம்ப்யூட்டர்ல பண்ணினதா? மனுஷன் இப்படி நடக்க முடியாது."

"கம்ப்யூட்டர் இல்ல. உள்ள மோட்டார் வச்சிருக்காங்க. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் எறியுது பாருங்க."

"நான் படம் எடுக்கறவன். இது பயிற்சி பெற்ற நடிகர். குறைந்தது மூணு மாசம் பழகியிருக்கணும்."

அடுத்து, ஜன்னல் காட்சி. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வேறு தொனியில் எழுதுகிறார்கள். ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "நான் இந்த மாதிரிப் படம் பார்க்கறதில்ல. மகள் போட்டா. ஜன்னல்கிட்ட அது நின்னப்போ எனக்குப் பயமே போயிடுச்சு. அது எவ்வளவு நேரமா சாப்பிடலையோன்னு தோணிச்சு." இன்னொருவர்: "முகமே இல்லாத ஒரு பொருளால இவ்வளவு தவிப்பைக் காட்ட முடியுமா? அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக நாலு தடவை பாத்தேன்."

நானும் நாலு தடவைக்கு மேல் பார்த்தேன். அது உன்னுடையது. நான் ஒன்றுமே சொல்லித் தரவில்லை.

அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். யார் உள்ளே என்று சொல்லவில்லை. ஜந்து முதலாவது படியில் கால் வைத்ததும், "இது நம்ம பையன்ல?" என்றாள். முகமூடி, பஞ்சு, சைக்கிள் டியூப், நாற்பத்திரண்டு பல் எல்லாவற்றையும் தாண்டி ஒரே வினாடியில். படம் முடிந்ததும் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்: "அவனை ஏன் அவ்வளவு நேரம் நிக்க வச்சே?"

அவளுக்கு ஷூட்டிங் என்றால் என்னவென்று தெரியாது, அதனால் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுபத்திரண்டு படி என்று எழுதியிருந்தாய். மெதுவாக ஏறு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அக்கா,

நலம். அம்மாவும் நீயும் நலம்தானே.

மோட்டார் என்று எழுதியவருக்கு என் வணக்கத்தைச் சொல். மாதம் ஒருமுறை எண்ணெய் விடுகிறேன் என்றும் சொல். 'பயிற்சி பெற்ற நடிகர்' என்பதை ரேடியோக்காரர் பிடித்துக்கொண்டார். உடுப்புக்குள் இருந்தது நான் என்று அவருக்குத் தெரியாது. "யாரோ மூணு மாசம் கஷ்டப்பட்டிருக்கான் பாருங்க" என்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். லிப்ட் குழியில் இரண்டு மாடி விழுந்து, கம்பி வைத்து, எலும்பு கூடுவதற்கே நாலு மாதம் ஆயிற்று. அவர் ஒரு மாதம் குறைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அம்மா கேட்டதை எழுதினாய். அவளுக்கு என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை.

இன்னொன்று. கடைசிக் காட்சி, ஜந்து திரும்பிப் போவது, நான் கிளம்பும்வரை எடுக்கவில்லை. அதை எப்படி முடித்தாய்?

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். வேலை கழுத்தை நெரிக்கிறது. கூடத்தில் ஒருத்தி விடுப்பில் போய்விட்டாள், அவள் மேஜையும் என் தலையில். அதனால் இந்தத் தடவை சுருக்கமாக.

கருத்து ஒன்று: "அருமை."

இரண்டு: "அடுத்த பாகம் எப்போ?"

மூன்று: "இந்தக் குழுவுக்கு வாழ்த்துகள்."

அம்மா உனக்கு ஸ்வெட்டர் ஒன்று அனுப்பியிருக்கிறாள். கை நீளம் தப்பாக இருந்தால் என்னைத் திட்டாதே.

அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்வெட்டர் கச்சிதம். அம்மாவிடம் சொல்.

நீ அனுப்பிய மூன்று கருத்தையும் படித்தேன். ரேடியோக்காரர், "என்னங்க, கல்யாண வாழ்த்துத் தந்தி மாதிரி இருக்கு" என்றார்.

படகுக்காரரிடம் போன் இருக்கிறது. கரையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் படத்தைப் பார்த்திருக்கிறார். என் அக்கா எடுத்தது என்று நான் சொல்லியிருந்தேன், அதனால் தேடிப் பார்த்திருக்கிறார். இன்று சாமான் இறக்கும்போது, "படம் நல்லாருக்கு சார். ஆனா கீழ ஒரே சண்டையா இருக்கே" என்றார்.

"என்ன சண்டை?"

"எனக்கு அவ்வளவு புரியல. கால் முடியாதவரு, அது இதுன்னு ஆயிரம் பேரு திட்டிக்கிறாங்க. நீங்க வேணா பாருங்க" என்று போனை நீட்டினார். போனிலேயே படத்தை இறக்கி வைத்திருக்கிறார். நான் வாங்கவில்லை. இப்போது வேண்டாம் என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

கெட்டதையும் அனுப்பு என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். படகுக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா? கடைசிக் காட்சி பற்றிக் கேட்டதற்கும் பதில் இல்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. இல்லை. கேட்கிறேன்.

தம்பி

மே 28

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாக எழுதவில்லை. மூன்று படகு என் கடிதம் இல்லாமல் வந்துபோயிருக்கும். அம்மா நலம். நானும் உடம்பளவில் நலம். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எழுதியதும் ஒட்டிவிடப் போகிறேன், திரும்பப் படிக்க மாட்டேன்.

முதலில் கடைசிக் காட்சி. நீ போனபிறகு கண்ணாடிக்குத் தெரிந்த ஒரு நடனக்காரரை உடுப்புக்குள் இறக்கி எடுத்தேன். உன் காட்சிகளைப் போட்டுக் காட்டி, இப்படியே நட என்றேன். நன்றாகத்தான் செய்தார் என்று நினைத்தேன். ஏற்றியபிறகு ஒருவர் எழுதினார்: "பத்து நிமிஷம் வலது காலை இழுத்த ஜந்து கடைசியில இடது காலை இழுக்குது. டைரக்டர் தூங்கிட்டாங்க போல." அவர் திரைக்கு எதிரே நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றிப் பழகியிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. உன் எந்தக் கால் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. அதனால்தான் அந்தக் கருத்தை உனக்கு அனுப்பவில்லை.

இரண்டாவது, சண்டை. ஒரு பெண் எழுதினார்: "இது நடிப்பு இல்ல. உண்மையிலேயே கால் முடியாத ஒருத்தரைப் பஞ்சு மூட்டைக்குள்ள அடைச்சு, அவர் நடக்கறதைக் காட்டி எங்களைப் பயமுறுத்தியிருக்கீங்க. எங்க அண்ணனும் இப்படித்தான் நடப்பான். அவனைப் பாத்தும் பயப்படச் சொல்றீங்களா?" அதற்குக் கீழே ஆயிரம் பேர். நடிப்புதான் என்று ஒரு கட்சி, வெட்கக்கேடு என்று ஒரு கட்சி. நான் பதில் எழுதவில்லை. நீ சொல்லாதே என்றாய், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

மூன்றாவது வந்தது ஏப்ரல் 20. இதைத்தான் என்னால் அனுப்ப முடியவில்லை. அப்படியே எழுதுகிறேன்:

"நான் பிசியோதெரபிஸ்ட். படம் எனக்குப் பிடித்தது. ஆனால் ஏழாவது நிமிடத்தில் படி ஏறும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தேன். உள்ளே இருப்பவர் நடிக்கவில்லை. அவருடைய வலது கால் இடது காலைவிடக் குட்டை, இரண்டரை சென்டிமீட்டராவது இருக்கும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு எட்டிலும் இடுப்பைத் தூக்கிப் போடுகிறார். ஜன்னல் காட்சி முழுவதும் மொத்தப் பாரத்தையும் இடது காலில் தாங்கி நிற்கிறார். எல்லோரும் அதைத் தவிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அது வலி. அவருக்கு முதுகும் வலிக்க வேண்டும். அளந்து ஷூவின் அடியில் உயரம் சேர்த்தால் பெரும்பகுதி குறையும், கடினமான வேலை இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்."

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஒரு பல் அரை மில்லிமீட்டர் உயரமாக இருந்தால் தாடை வலிக்கும், பிறகு காது வலிக்கும், பிறகு அந்த மனுஷனுக்குத் தூக்கம் போய்விடும். நாளெல்லாம் அந்த அரை மில்லிமீட்டரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவள் நான். நீ விழுந்த பிறகு மூன்று வருஷம் ஒரே வீட்டில் உன்னோடு சாப்பிட்டேன். பதினோரு நாள் கேமரா வழியாக உன் காலையே பார்த்தேன். எங்கோ இருக்கிற ஒருவர் ஏழாவது நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்.

அவருக்குத் தனியாக எழுதினேன். உன் படகுத்துறை ஊர் மருத்துவமனையிலேயே நடை பார்க்கிற பிரிவு இருக்கிறதாம். யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். இதோடு வைத்திருக்கிறேன்.

உனக்கு வலிக்கிறதா? கால் எப்படி என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டிருக்கிறேனே தவிர, இதை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

வலிக்கிறது.

காலையில் குறைவு. இரண்டு மணி அளவு எடுத்துவிட்டு மேலே ஏறும்போது அதிகம். நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறுவேன். ரேடியோக்காரருக்குத் தெரியும், ஆனால் கேட்க மாட்டார்.

எலும்பு கூடிய அன்றைக்கே, நடைப் பயிற்சிக்கு மறுபடி வா என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் போகவில்லை. அங்கே ஒரு நீள வராந்தா, கடைசியில் ஆள் உயரக் கண்ணாடி. அதைப் பார்த்து நடந்துவா என்பார்கள். ஒரு தடவை நடந்தேன். போதும் என்று தோன்றிவிட்டது.

சீட்டை வைத்திருக்கிறேன். யோசிக்கிறேன்.

தம்பி

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. நிறைய இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பிய அடுத்த படகிலேயே கிளம்பிவிட்டேன். என் இடத்தில் அளவு பார்க்க ரேடியோக்காரரே ஒப்புக்கொண்டார். "எனக்கும் கொஞ்சம் தொப்பை குறையட்டும்" என்றார். ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டினேன். என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. என்னை நிற்க வைத்து, வலது காலுக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் "இப்போ எப்படி?" என்று கேட்டாள். ஐந்தாவது பலகையில் என்னமோ ஆகிவிட்டது. முதுகில் யாரோ பிடித்திருந்த கையை எடுத்தது மாதிரி. கண்ணை மூடி அப்படியே நின்றுவிட்டேன். அவள், "சரி, இதுதான்" என்று எழுதிக்கொண்டாள். இரண்டு புள்ளி எட்டு சென்டிமீட்டர்.

ஷூவில் முதலில் பாதி உயரம்தான் ஏற்றினார்கள். பழகியதும் மீதி. நான்கு வாரம் படகுத்துறை ஊரிலேயே தங்கிப் பயிற்சி. அங்கேயும் கண்ணாடி இருந்தது. இந்தத் தடவை பார்த்தேன். முழுக்கப் போய்விடவில்லை அக்கா, களைத்தால் கொஞ்சம் இழுக்கும். ஆனால் நேற்றுப் படியில் உட்காராமல் ஏறிவிட்டேன். மேலே வந்ததும் ரேடியோக்காரர், "மட்டம் என்ன?" என்றார். அளவு பார்க்க மறந்துவிட்டேன். மறுபடி இறங்கினேன்.

இனி, படம். நேற்று முன்தினம் பார்த்தேன். படகுக்காரர் வீட்டில், அவரும் அவர் மனைவியும் நானும். ஜன்னல் காட்சி வந்ததும் அந்த அம்மா, "உள்ள கூப்பிட்டு உக்கார வச்சா என்னவாம்" என்றார். விஞ்ஞானி திரையை இழுத்தபோது அவரை ஒரு வார்த்தை திட்டினார், அதை எழுத மாட்டேன். மறுநாள் தீவுக்குத் திரும்பும்போது, பாதித் தண்ணீரில் படகுக்காரர் கேட்டார்:

"சார், அது நீங்கதானே?"

"ஆமா."

"கடைசில போறது நீங்க இல்லியே."

"எப்படித் தெரியும்?"

"ஆறு மாசமா நீங்க வந்து சாமான் வாங்கிட்டுப் போறதைப் பாக்குறேன். உங்க கால் எனக்குத் தெரியாதா?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் குனிந்து வலது ஷூவின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

இதைச் சொல்லாமல் முடித்தால் நானும் பாதியை மறைத்தவன் ஆவேன். என்னை உடனே வரச் சொன்னார்கள் என்றேனே, அது பொய். சேர இன்னும் மூன்று வாரம் இருந்தது. பதினோராம் நாள் படப்பிடிப்பில், மூச்சு விட உடுப்பில் நீ வைத்த குழாய் வழியாக வெளிப்பேச்சு எல்லாம் கேட்டது. நீ கண்ணாடியிடம் சொன்னாய்: "இன்னும் கொஞ்சம் இழுத்து நடக்கச் சொல்லு. அதுதான் பயமா இருக்கு." அவன் வந்து என்னிடம் சொன்னான். நான் இழுத்து நடந்தேன். நீ கை தட்டினாய். அன்று மாலை பெட்டியைக் கட்டினேன்.

கோபம் இருந்தது. இவ்வளவு நாள் இருந்தது. சண்டை போட்ட அந்தப் பெண் எழுதியதைப் படித்தபோது யாரோ என் பக்கம் பேசுகிறார்கள் என்றுகூட இருந்தது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண் சொல்வது பாதிதான் சரி. படிக்கட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்தான். ஜன்னலுக்கு வந்ததும் படகுக்காரர் மனைவி உள்ளே கூப்பிடச் சொன்னாரே. அதுவும் அதே நடைதான். அந்த ஒன்றரை நிமிஷம் நான் எதையும் நினைக்கவில்லை அக்கா, தவிப்பும் இல்லை ஒன்றும் இல்லை. எப்போது கட் சொல்வாய் என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஆக, பார்வையாளர் என்ற முறையில் என் கருத்து: படம் நன்றாக இருக்கிறது. கடைசிக் காட்சி மட்டும் பொய். ஆகஸ்டில் எனக்குப் பத்து நாள் விடுப்பு. உடுப்பு இன்னும் இருக்கிறதா? ஒரு நாள்தானே, ஷூவைக் கழற்றிவிட்டு நடந்து தருகிறேன். வலது கால்தான் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

அன்புடன்,
தம்பி

ஆகஸ்ட் 3

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். நான் சொன்ன அந்த வாக்கியத்தையும் தாண்டாமல் படித்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "பலகை வச்சுப் பாத்தாளாமே, அதை இன்னொரு தடவை படி" என்றாள்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை என்று எழுதத்தான் கை போயிற்று. நினைவிருக்கிறது. நின்ற இடம்கூட நினைவிருக்கிறது. அப்போது எனக்குக் காட்சி மட்டும்தான் தெரிந்தது. உன்னிடம் மன்னிப்பை நேரில் கேட்கிறேன், கடிதத்தில் கேட்டால் சுலபமாக முடிந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்: "உள்ளே இருந்தவன் என் தம்பி. நீங்கள் என்னைக் கேட்டது நியாயம். அவனிடம் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை." நீ சம்மதித்தால் போடுகிறேன், இல்லையென்றால் கிழித்துவிடுகிறேன். படத்தின் முடிவில் உன் பெயர் போடலாமா என்பதையும் நீயே சொல்.

ஷூவைக் கழற்ற வேண்டாம். உடுப்பின் வலது பாதத்தைப் பிரித்து, ஷூ உள்ளே போகிற அளவுக்குப் பெரிதாக வெட்டி நேற்றே தைத்துவிட்டேன். கண்ணாடியிடமும் சொல்லிவிட்டேன். கடைசிக் காட்சியில் ஜந்து உனக்கு எப்படி நடக்க வருகிறதோ அப்படியே நடந்து போகட்டும். பத்து நிமிஷம் இழுத்து நடந்தது திடீரென்று எப்படி நிமிர்ந்து போகிறது, டைரக்டர் மறுபடி தூங்கிவிட்டாரா என்று நூறு பேர் எழுதுவார்கள். எழுதட்டும், எல்லாவற்றையும் உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

எந்தப் படகு என்று மட்டும் எழுது. துறைக்கு நானும் அம்மாவும் வருகிறோம். படப்பிடிப்பு ஒரே நாள், ஒரே ஷாட். நீ குழாய்க்குள் போன அந்த வினாடியே நான் கட் சொல்லிவிடுவேன்.

அக்கா